உணவு இடைவேளையில் உருவான மண்ணடுக்கு: எண்ணெய் மாசு மணலுக்குள் இறங்கும் வழி குறித்த தொட்டிச் சோதனைகள்

துளைவெளி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு பொறியியல் கல்லூரியின் நிலத்தடி நீர் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். சென்ற மாதம் நாங்கள் செய்த ஒரு தொட்டிச் சோதனையில் எதிர்பாராத ஒன்று நடந்தது. அதை இங்கே பதிவு செய்து, அனுபவம் உள்ளவர்களிடம் இரண்டு மூன்று ஐயங்களைக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

துறைக்குப் புதியவர்களுக்காகச் சிறு விளக்கம். நீரில் எளிதில் கலக்காத திரவ மாசுகள் (சுருக்கமாக இவற்றை எண்ணெய் என்றே சொல்வோம்) இரு வகைப்படும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகியவை நீரைவிட இலேசானவை என்பதால், நிலத்தில் சிந்தினால் கீழிறங்கி நீர்மட்டத்தை ஒட்டித் தங்கும். உலர்சலவைக்குப் பயன்படும் டெட்ராகுளோரோஎத்திலீனும், உலோகப் பாகங்களில் பிசுக்கு நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீனும் நீரைவிடக் கனமானவை. ஒரு கன சென்டிமீட்டருக்கு முறையே 1.62 கிராம், 1.46 கிராம். இவற்றின் பாகுத்தன்மையும் நீரினுடையதைவிடக் குறைவு. ஆகவே நீர்மட்டத்தோடு நில்லாமல், அதைக் கடந்தும் இறங்கிக்கொண்டே போகும். குடிநீரில் டிரைகுளோரோஎத்திலீனுக்கு அமெரிக்கா வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஒரே ஒரு லிட்டர் திரவம் முழுவதும் கரைந்தால், ஏறத்தாழ 29 கோடி லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும்.

இனி எங்கள் சோதனை. தொட்டி 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. உயரமும் உடையது, இரு கண்ணாடிகளுக்கும் நடுவே 2 செ.மீ. இடைவெளி. சிமெண்டுப் பரிசோதனைக்காக இந்தியத் தர நிர்ணயத்தின்படி விற்கப்படும் எண்ணூர் மணல் எங்களிடம் மூட்டை மூட்டையாக இருப்பதால், அதையே எடுத்துக்கொண்டோம். அதன் இரண்டாம் தர மணலால் (1 முதல் 0.5 மி.மீ.) தொட்டியை நிரப்பி, அடியிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் மூன்றாம் தர நுண்மணலால் (0.5 முதல் 0.09 மி.மீ.) 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு வில்லையை, அதாவது தட்டையான ஒரு திட்டை, அமைத்தோம். காற்றுக் குமிழிகள் சிக்காதிருக்கத் தொட்டியில் நீர் நிற்கும்போதே மணலைச் சிறிது சிறிதாகக் கொட்டினோம். சிவப்புச் சாயமிட்ட டெட்ராகுளோரோஎத்திலீனை மேலே ஓர் ஊசி வழியாக நிமிடத்துக்கு 2 மி.லி. வீதம் விட்டோம்.

திரவம் விரல்போல் நேராக இறங்கியது. வில்லையை அடைந்து அதன்மேல் பரவும் என்று நாங்கள் காத்திருந்தபோது, அடியிலிருந்து 27 செ.மீ. உயரத்தில், நாங்கள் எதையுமே வைத்திராத இடத்தில், அது நின்றுவிட்டது. பிறகு அளவுகோலை வைத்துக் கோடு போட்டதுபோல இருபுறமும் பரவத் தொடங்கியது. 11 செ.மீ. அகலம் வரை பரவிய பின் வலது ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் ஒழுகி, நாங்கள் அரும்பாடுபட்டு வைத்த வில்லையைத் தொடாமலே பக்கவாட்டில் இறங்கித் தொட்டியின் அடியை அடைந்தது.

மறுநாள் திரவத்தை வடித்துவிட்டு, மணலைக் கத்தியால் சீவிப் பார்த்தபோது, அந்த உயரத்தில் நகத்தின் தடிமன்கூட இல்லாத சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரிந்தது. விரலில் தேய்த்தால் மாவுபோல இருந்தது. அது எப்படி வந்தது என்பது எங்கள் ஆய்வக உதவியாளருக்குத்தான் நினைவுக்கு வந்தது: மணல் நிரப்பும்போது அந்த உயரத்தில்தான் நாங்கள் சாப்பிடப் போனோம். சரியாகக் கழுவப்படாத மணலிலிருந்து நீரில் மிதந்துகொண்டிருந்த தூசு, நாங்கள் இல்லாத ஒரு மணி நேரத்தில் படிந்து ஓர் அடுக்காகிவிட்டது.

என் கேள்விகள் இவை. இந்தச் சோதனை ஓட்டத்தைத் தவறு என்று ஒதுக்குவதா, முடிவாக ஏற்பதா? மணலை நிரப்பச் சரியான முறை எது? இத்தகைய சிறு தொட்டியில் கண்டது உண்மையான நிலத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்?

---

பழைய துளைப்பொறி

துளைவெளி அவர்களுக்கு, அந்த ஓட்டத்தை ஒதுக்க வேண்டாம். நீங்கள் திட்டமிட்டுச் செய்த சோதனையைவிடத் தற்செயலாக நடந்த சோதனையே பொருள் நிறைந்ததாக எனக்குத் தோன்றுகிறது. ஓய்வு பெறும் வரை ஆழ்துளை மண் மாதிரிகளோடு காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆறும் இதே போலத்தான் உணவு இடைவேளை எடுத்துக்கொள்கிறது. வெள்ளம் வரும்போது மணலைக் கொட்டுகிறது. வடியும்போது நீரில் நின்ற நுண்மண் ஒரு மெல்லிய படலமாக மணலின்மேல் உட்காருகிறது. அடுத்த வெள்ளம் மறுபடி மணலைக் கொட்டுகிறது. மாதிரிக் குழாயைப் பிளந்து பார்த்தால் மயிரிழை போன்ற அந்தக் கோடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். மண்விவரப் பதிவேட்டில் நாங்கள் அதை "நடுத்தர மணல், 3 மீட்டர்" என்று ஒரே வரியில் எழுதிவிடுவோம்.

உங்கள் தொட்டியில் நடந்தது நுண்புழை அழுத்தத்தின் வேலை. ஈரமான மணலில் துளைகளை நீர் விரும்பிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எண்ணெய் உள்ளே நுழைய வேண்டுமானால் நீரைத் தள்ள வேண்டும். துளை எவ்வளவு சிறியதோ, அவ்வளவு அழுத்தம் வேண்டும். டெட்ராகுளோரோஎத்திலீனுக்கும் நீருக்கும் இடையே உள்ள இடைமுக இழுவிசை (இரண்டும் சந்திக்கும் பரப்பின் இறுக்கம்) மீட்டருக்கு ஏறத்தாழ 45 மில்லிநியூட்டன். துளையின் ஆரம் 0.1 மி.மீ. என்றால், அதற்குள் நுழைய அத்திரவம் மேலே 15 செ.மீ. உயரத்துக்குத் தேங்கி நிற்க வேண்டும், ஆரம் 0.02 மி.மீ. என்றால் 74 செ.மீ. வேண்டும். உங்கள் தொட்டியின் மொத்த உயரமே 40 செ.மீ. என்பதால், தூசு அடுக்கு ஒரு சீராக இருந்திருந்தால் திரவம் அதை ஒருபோதும் ஊடுருவியிராது. வலது ஓரத்தில் அடுக்கு மெலிந்தோ கலைந்தோ இருந்திருக்கிறது. அந்த ஓட்டையைத் திரவம் கண்டுபிடித்துவிட்டது. இதில் அடுக்கின் தடிமனுக்குப் பெரிய பங்கில்லை. துளையின் குறுக்களவே வாசலைத் திறப்பதும் அடைப்பதும்.

இதை முதன்முதலில் விரிவாகக் கண்ணால் காணும்படி செய்து காட்டியவர் ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நகரில் இருந்த நீரியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிரீட்ரிஷ் ஷ்வில்லே. கண்ணாடிக் குழாய்களிலும் தொட்டிகளிலும் மணலை நிரப்பி, டெட்ராகுளோரோஎத்திலீன் போன்ற குளோரின் கரைப்பான்களை ஊற்றிப் பார்த்தார். பாறைப் பிளவுக்குப் பதிலாக இரண்டு கண்ணாடித் தகடுகளை நெருக்கமாக வைத்தும் பார்த்தார். அந்தச் சோதனைகளின் தொகுப்பை ஜேம்ஸ் பாங்கோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1988இல் வெளியிட்ட பிறகுதான் வட அமெரிக்காவில் பலருக்குக் கண் திறந்தது. கரைப்பான் நிலத்துக்குள் புகுந்து, நீர்த்தாங்கியின் (நிலத்தடி நீரைத் தாங்கும் மண் அடுக்கின்) அடியில் குளமாகத் தேங்கி, நிலத்தடி நீர் போகும் திசையைப் பொருட்படுத்தாமல் அடித்தளச் சரிவின் திசையில் போகக்கூடும் என்பது அதுவரை பரவலாக எண்ணிப் பார்க்கப்படாத செய்தி.

அடுத்ததாக, 1989இல் பெர்னார்ட் கூப்பரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட சோதனை. அவர்களின் தொட்டி 80 செ.மீ.க்கு 60 செ.மீ.; இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. பல தர மணல் வில்லைகளை அடுக்கி டெட்ராகுளோரோஎத்திலீனை விட்டபோது, அது வில்லைகளின் ஓரம் தேடி வழிந்து படி இறங்குவதுபோல் போனது. உங்கள் படமும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்திருக்கும். வேறுபாடு, அவர்கள் வில்லைகளை வேண்டுமென்றே வைத்தார்கள்.

தொட்டிக்கும் நிலத்துக்கும் உள்ள தொடர்பைக் கேட்டீர்கள். கனடாவின் ஒன்டாரியோவில் போர்டன் என்ற ராணுவத் தளத்தில் உள்ள மணல், பார்வைக்கு ஒரே சீரானது. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தினர் பல ஆண்டுகள் அங்கே சோதனை நடத்தினார்கள். 1992இல் வெளியான ஒன்றில், நீர்மட்டத்துக்கு மேலுள்ள உலர்பகுதியில் 6 லிட்டர் டெட்ராகுளோரோஎத்திலீனை ஓரிடத்தில் ஒரேயடியாகவும், வேறோர் இடத்தில் அதே அளவைச் சொட்டுச் சொட்டாகவும் விட்டுவிட்டு, பிறகு மண்ணை அடுக்கடுக்காகத் தோண்டிப் பார்த்தார்கள். மில்லிமீட்டர் அளவு அடுக்குகளே பாதையைத் தீர்மானித்திருந்தன. எது ஆழமாகப் போயிருந்தது என்று நினைக்கிறீர்கள்? சொட்டாக விட்டதுதான். ஒரேயடியாக ஊற்றினால் பக்கவாட்டில் பரந்து, வழியெங்கும் மண்ணில் ஒட்டித் தன்னைத் தானே செலவழித்துக்கொள்கிறது. சொட்டாக விட்டால் ஒரே மெல்லிய பாதையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. லாரி கவிழ்ந்தால் பதறுகிறோம்; பீப்பாயின் அடியில் ஆண்டுக்கணக்கில் கசிவதைக் கண்டுகொள்வதில்லை.

---

வேதிப்பிரிவு

நல்ல இழை. ஆனால் துளைவெளி சாயத்தைப் பற்றி ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டது எனக்கு உறுத்துகிறது. பெரும்பாலும் சூடான் 4 அல்லது ஆயில் ரெட் ஓ சாயத்தைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறோம். படம் பளிச்சென்று வர வேண்டும் என்பதற்காகத் தாராளமாகப் போடும் வழக்கமும் உண்டு. இச்சாயங்கள் எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே உள்ள இழுவிசையைக் குறைப்பதோடு, மணலை நீர் நனைக்கும் தன்மையையும் மாற்றக்கூடும். அதாவது, பார்ப்பதற்காக நாம் போடும் பொருளே பார்க்கப்படுவதை மாற்றிவிடும். எவ்வளவு சாயம் இட்டீர்கள் என்பதையும், சாயமிட்ட திரவத்தின் இழுவிசையைத் தனியே அளந்தீர்களா என்பதையும் எழுதுங்கள். அளக்காமல் 45 என்ற எண்ணைக் கணக்கில் போடுவது, வேறொருவருடைய திரவத்துக்கான கணக்காகிவிடும்.

இதை வெறும் ஆய்வகத் துல்லியத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தொழிற்கூடத்திலிருந்து மண்ணுக்குப் போகும் கரைப்பான் புட்டியிலிருந்து நேராக வந்த தூய பொருள் அன்று. அதில் இயந்திர எண்ணெய், கொழுப்பு, சோப்பு எல்லாம் கலந்திருக்கும். அத்தகைய திரவம் மணற்பரப்பைத் தானே நனைத்துக்கொண்டுவிட்டால், பழைய துளைப்பொறி ஐயா சொன்ன கணக்கு தலைகீழாகிவிடும்: எண்ணெய் நுண்துளைகளுக்குள் விரும்பி நுழையும், பருமணல் அதற்குத் தடையாகும். சிலேன் பூசி நீரை வெறுக்கச் செய்த மணலைக் கொண்டு இதை ஆய்வகங்களில் பலமுறை காட்டியிருக்கிறார்கள்.

புதிதாகத் தொட்டி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளோரின் கரைப்பான்களுக்கு அக்ரிலிக் தொட்டி கூடவே கூடாது. என் மாணவர் ஒருவர் மலிவாகக் கிடைக்கிறது என்று செய்தார். பிற்பகலுக்குள் தொட்டியின் உட்சுவர் பால்போல மங்கி, மாலையில் மூலைகளில் விரிசல் விட்டது. சாதாரண ரப்பர் குழாய்களும் ஊதிப்போகும். கண்ணாடி, உலோகச் சட்டம், டெஃப்லான் பட்டை ஆகியவையே பாதுகாப்பு. அதைவிட முக்கியம்: உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டிரைகுளோரோஎத்திலீனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவும், டெட்ராகுளோரோஎத்திலீனை அவ்வாறு உண்டாக்கக்கூடும் என்ற வகையிலும் வைத்திருக்கிறது. புகை உறிஞ்சும் கூண்டு இல்லாத ஆய்வகம் இவற்றைத் தொட வேண்டாம். இளங்கலை மாணவர்களுக்குக் காட்ட மட்டும் என்றால் டீசலே போதும்.

---

வலிகாமத்தான்

வணக்கம். நான் பொறியியலாளன் அல்லன்; யாழ்ப்பாணத்தில் ஆசிரியனாக இருக்கிறேன். சுன்னாகம் மின்னிலையப் பகுதியைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் 2014இன் இறுதியிலும் 2015இலும் எங்கள் ஊரில் பேசப்படாத வீடு இல்லை. வழக்கு நாட்டின் உச்சமான உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பானது. அந்நாட்களில் எங்களைக் குழப்பியது ஒரு விடயம்: ஒரு வீட்டுக் கிணற்றில் மணமும் படலமும் இருக்கும், வேலிக்கு அப்பால் உள்ள கிணற்றில் ஒன்றுமே இராது, பின்னொரு மாதம் அது மாறியும் இருக்கும். பரிசோதனை முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணாக வந்தன. பொய் சொல்கிறார்கள் என்று இரு தரப்பும் மற்றத் தரப்பைக் குற்றம் சாட்டியது.

நீங்கள் எல்லோரும் மணலைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் நிலம் மேலே கொஞ்சம் செம்மண், கீழே முழுவதும் சுண்ணாம்புக்கல். உங்கள் தொட்டிகள் எங்கள் கிணறுகளைப் பற்றி ஏதாவது சொல்லுமா?

---

பழைய துளைப்பொறி

வலிகாமத்தான் அவர்களே, நல்ல கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் கூட. மணல் தொட்டி உங்கள் நிலத்தின் படம் அன்று. சுண்ணாம்புக்கல்லில் நீர் பிளவுகளிலும் கரைந்து உண்டான குகைவழிகளிலும் ஓடுகிறது. மணலில் ஆண்டுக்குச் சில மீட்டரோ சில பத்து மீட்டரோ நகரும் நீர், அத்தகைய வழியில் ஒரே நாளில் அவ்வளவு தூரம் போய்விடும். ஆகவே, எத்தனை கிணறு, எவ்வளவு தூரம் என்ற கேள்விக்குத் தொட்டியிடம் விடை இல்லை.

ஆயினும் பக்கத்துக் கிணற்றில் ஏன் இல்லை, அடுத்த மாதம் ஏன் மாறுகிறது என்ற கேள்விகளுக்கு ஆய்வகம் கொஞ்சம் வெளிச்சம் தரும். ஷ்வில்லேயின் கண்ணாடித் தகடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பிளவின் அகலம் இடத்துக்கு இடம் மாறும். எண்ணெய் அகன்ற பகுதிகளை மட்டும் கோத்துக்கொண்டு போகும். அந்தக் கோவையில் வெட்டப்பட்ட கிணற்றுக்கு எண்ணெய் வரும்; இரண்டு முழம் தள்ளி வெட்டியதற்கு வராது.

காலத்தோடு மாறுவதற்குக் காரணம் நீர்மட்டம். உங்கள் பகுதியில் சிந்தியது நீரைவிட இலேசான எண்ணெய். தோட்டங்களுக்கு இறைத்து நீர்மட்டம் தாழும்போது எண்ணெயும் கூடவே தாழ்ந்து புதிய இடுக்குகளுக்குள் புகும். மாரி மழையில் நீர்மட்டம் ஏறும்போது எண்ணெய் முழுவதும் கூட ஏறி வருவதில்லை. ஒரு பகுதியைச் சுற்றி நீர் சூழ்ந்து, சிறு சிறு திட்டுகளாகச் சிறைப்படுத்திவிடும். கண்ணாடித் தொட்டியில் நீர்மட்டத்தை இரண்டு முறை ஏற்றி இறக்கினால், தெளிவான ஒரு சிவப்புப் பட்டையாக இருந்த எண்ணெய், ஒரு சாண் உயரத்துக்குத் தீற்றிவிட்டதுபோல ஆகிவிடுவதைப் பார்க்கலாம். அதன்பின் மேலே மிதக்கும் எண்ணெயை மட்டும் வழித்து எடுத்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

கண்காணிப்புக் குழாய்க் கிணற்றில் மிதக்கும் எண்ணெயின் தடிமனை அப்படியே நிலத்திலுள்ள எண்ணெயின் அளவாக எடுத்துக்கொள்வதும் இதே காரணத்தால் தவறு. கிணற்றுக்குள் மண் இல்லை, ஆகவே நுண்புழை விசையும் இல்லை. நீர்மட்டம் இறங்கும்போது நிலத்திலிருந்து எண்ணெய் வடிந்து கிணற்றில் தடித்துக் காணப்படும். மட்டம் ஏறும்போது மெலிந்து மறைந்தும் போகும். இரண்டு நாட்களிலும் நிலத்தில் இருப்பது ஏறத்தாழ ஒரே அளவுதான். இது தெரியாமல், மழைக்குப் பிறகு அளந்து "குறைந்துவிட்டது" என்று எழுதிய அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன். எங்கே என்பது வேண்டாம்.

---

வேதிப்பிரிவு

முரணான பரிசோதனை முடிவுகள் பற்றி ஒன்று சேர்க்கிறேன். "எண்ணெயும் கிரீசும்" என்ற பெயரில் ஆய்வகங்கள் செய்யும் வழக்கமான சோதனையில், ஹெக்சேனில் கரைந்து வருவதையெல்லாம் எடை பார்க்கிறார்கள். அதில் டீசலும் வரும், தேங்காயெண்ணெயும் வரும், மெழுகும் வரும். அதே நேரத்தில் பென்சீன் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்கள், ஹெக்சேனை ஆவியாக்கும்போதே தப்பிப்போய்விடும். எனவே ஒரே கிணற்று நீருக்கு ஓர் ஆய்வகம் "உண்டு" என்றும் மற்றொன்று "இல்லை" என்றும் சொன்னால், யாராவது பொய் சொன்னார்கள் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. எதை அளந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். மேலே மிதக்கும் படலத்தை விலக்கிவிட்டு முகந்தார்களா, சேர்த்து முகந்தார்களா என்பதும் முடிவைப் பல மடங்கு மாற்றும்.

---

தெருமுனை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவன் என்பதால் கேட்கிறேன். எண்ணெய் நீரில் கலப்பதில்லை என்றால், மோட்டார் போட்டு முழுவதையும் இறைத்து எடுத்துவிட முடியாதா?

---

துளைவெளி

தெருமுனை அவர்களுக்கு: ஓடக்கூடிய பகுதியை இறைக்கலாம்; சிக்கிக்கொண்ட பகுதியை முடியாது. எண்ணெய் கடந்து போன ஒவ்வோர் இடத்திலும் அதில் ஒரு பங்கு துளைகளில் துண்டுபட்டு நின்றுவிடும். நீர் நிறைந்த மணலில் துளைவெளியின் 10 முதல் 50 சதவீதம் வரை இப்படி எஞ்சலாம்.

இதைக் கண்ணால் பார்க்க நியூ மெக்சிகோவின் சோகோரோவில் ஜான் வில்சன், ஸ்டீபன் கான்ராட் குழுவினர் 1980களில் ஓர் அழகான வழியைக் கையாண்டார்கள். எண்ணெய்க்குப் பதிலாக ஸ்டைரீனை மணலுக்குள் செலுத்தி, நீரால் தள்ளி, எஞ்சியதை அப்படியே உள்ளேயே பிளாஸ்டிக்காக இறுகச் செய்தார்கள். பிறகு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் மணலைக் கரைத்துவிட்டால், எஞ்சிய எண்ணெய்த் திட்டுகள் மட்டும் கையில் கிடைக்கும். சில தனி உருண்டைகள். சில பல துளைகளில் கால் பரப்பி நிற்கும் இஞ்சிக் கிழங்கு போன்ற உருவங்கள்.

அந்தக் கிழங்கை நீரோட்டத்தால் தள்ளி வெளியேற்றுவது கடினம். நீரின் பாகுத்தன்மையையும் வேகத்தையும் பெருக்கி இழுவிசையால் வகுத்தால் கிடைக்கும் எண், ஒரு லட்சத்தில் ஒன்று இரண்டு என்ற அளவை எட்டும்போதுதான் திட்டுகள் அசையத் தொடங்குகின்றன. நாளொன்றுக்கு 10 செ.மீ. வீதம் நீர் பாயும் மணலில் அந்த எண் அதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு சிறியது. எந்த மோட்டாராலும் பெரிய பரப்பில் அந்த வேகத்தைத் தர முடியாது.

சோப்பு போன்ற பொருளைச் செலுத்தி இழுவிசையைக் குறைக்கலாம். அப்போது திட்டுகள் நகரும். ஆனால் கனமான கரைப்பானாக இருந்தால் அது கீழ்நோக்கியும் நகரும். அதுவரை அதைத் தாங்கி நின்ற நுண்மண் அடுக்கின் வாசலையும் நாமே திறந்துவிட்டோம் என்றாகும்.

---

களப்பணி

எல்லோரும் தொட்டியைப் புகழ்ந்துகொண்டிருப்பதால் எதிர்த்தரப்பிலிருந்து சிறிது எழுத வேண்டியிருக்கிறது. தொட்டிச் சோதனை ஒரு பிற்பகலில் முடிகிறது. நிலத்தில் எண்ணெய் நாற்பது ஆண்டுகள் கிடக்கிறது. அந்த நாற்பது ஆண்டுகளின் கதை உங்கள் கண்ணாடிக்குள் இல்லை.

அமெரிக்காவின் மினசோட்டாவில் பெமிட்ஜி என்ற ஊருக்கு அருகே 1979 ஆகஸ்டில் குழாய் வெடித்து ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. துப்புரவுக்குப் பிறகும் சுமார் 4 லட்சம் லிட்டர் மண்ணில் தங்கிவிட்டது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தினர் 1983 முதல் அவ்விடத்தைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அங்கே கரைந்த பென்சீன் முதலியவை நீரோட்டத்தோடு எதிர்பார்த்த தூரம் போகவில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள், முதலில் ஆக்சிஜனைக் கொண்டும், அது தீர்ந்தபின் இரும்பைக் கொண்டும், பின்னர் மீத்தேனை உண்டாக்கியும் அவற்றைச் சிதைத்துக்கொண்டிருந்தன. கழுவிக் காயவைத்த எண்ணூர் மணலில் எந்த நுண்ணுயிர் இருக்கப் போகிறது? வெறும் இயற்பியலை வைத்துக் கணித்தால் மாசு இன்னும் வெகுதூரம் போயிருக்க வேண்டும்.

இன்னொன்று, சுவர் விளைவு. 2 செ.மீ. இடைவெளியில் 1 மி.மீ. மணலை நிரப்பினால், கண்ணாடியை ஒட்டிய மணிகள் சரியாக அடுக்கப்படாமல் துளைகள் பெரிதாக இருக்கும். எண்ணெய் அந்த வழியில் ஓடும். படம் எடுப்பதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். நடுவில் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்?

---

பழைய துளைப்பொறி

களப்பணி அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும். பெமிட்ஜியில் நுண்ணுயிர்கள் தின்றது பெரும்பாலும் பெட்ரோலிய வகை. உலர்சலவைக் கரைப்பான்களின் விடயம் அப்படி அன்று. ஆக்சிஜன் இல்லாத சூழலில் சில நுண்ணுயிர்கள் குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும், ஆனால் பாதியில் நின்றுவிட்டால் வினைல் குளோரைடு மிஞ்சும். அது மூலப்பொருளைவிட நஞ்சு. எனவே "இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்ற ஆறுதலை எல்லா எண்ணெய்க்கும் நீட்டிக்க வேண்டாம்.

சுவரைப் பொறுத்தவரை, பெரிய ஆய்வகங்கள் இதற்காகவே காமாக் கதிரைத் தொட்டியின் குறுக்கே செலுத்தி, உள்ளே நீர் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று புள்ளி புள்ளியாக அளந்தன. இலங்கையிலிருந்து சென்று அமெரிக்காவின் கொலராடோ சுரங்கவியல் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய திஸ்ஸ இலங்கசேகர, மீட்டர் கணக்கில் நீளமுள்ள தொட்டிகளில், பல தர மணலைத் திட்டமிட்ட ஒழுங்கின்மையோடு அடுக்கி இத்தகைய சோதனைகளைச் செய்தவர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு கூடம் உண்டு. அங்குள்ள தொட்டிகளுக்குள் ஆட்கள் இறங்கி வேலை செய்வார்கள். சிறு தொட்டியில் கண்டதைப் பெரிய தொட்டியிலும், அதில் கண்டதைப் போர்டன் போன்ற களத்திலும் சோதிப்பது என்ற படிக்கட்டு அப்படித்தான் உருவானது.

கணினி மாதிரிகளைப் பயன்படுத்துபவர்களும் இந்தக் கண்ணாடிக் குழாய்களுக்குக் கடன்பட்டவர்கள்தாம். காற்று, எண்ணெய், நீர் மூன்றும் ஒரே மண்ணில் இருக்கும்போது எது எவ்வளவு எளிதாக நகரும் என்பதற்கு இன்றும் பயன்படும் சமன்பாடுகளை 1987இல் பார்க்கர், லென்ஹார்ட், குப்புசாமி ஆகிய மூவர் வெளியிட்டனர். மூன்றாவது பெயரைப் பார்த்து நான் மாணவப் பருவத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

மணல் நிரப்பும் முறை பற்றித் துளைவெளி கேட்டதற்கு இன்னும் யாரும் விடை தரவில்லை. உலர்ந்த மணலைச் சல்லடை வழியாக மழைபோல் தூவி நிரப்பலாம். ஆனால் குவியும் இடத்தில் பருமணிகள் சரிந்து ஓரத்துக்கு ஓடி வேறொரு வகை அடுக்கை உண்டாக்கும். உலர்முறையில் நிரப்பினால், நீர் விடுவதற்கு முன் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். அது பின்னர் நீரில் கரைந்துவிடுவதால் குமிழிகள் தங்கா. நீருக்குள் கொட்டும் முறையையே வைத்துக்கொள்வதானால், மணலைக் கழுவிய நீர் கண்ணாடிபோல் தெளியும்வரை கழுவிவிட்டு, இடையில் நிறுத்தாமல் கொட்டி முடியுங்கள். சாப்பாட்டை முன்னதாகவே முடித்துக்கொள்வது நல்லது.

---

துளைவெளி

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். உங்கள் அறிவுரைகளின்படி இரண்டாம் ஓட்டத்தைச் செய்து முடித்தோம்.

வேதிப்பிரிவு அவர்கள் கேட்டபடி, சாயமிட்ட திரவத்தின் இடைமுக இழுவிசையை அளந்தோம். முதல் ஓட்டத்தில் இட்ட அளவில் அது 45இலிருந்து 31ஆகக் குறைந்திருந்தது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இம்முறை சாயத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினோம். படம் வெளிறித்தான் வந்தது. பின்னால் வெள்ளை விளக்கை வைத்துச் சமாளித்தோம். மணலை ஒன்பது முறை கழுவினோம். நிரப்பும் வேலையைக் காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒரே மூச்சில் முடித்தோம்.

27 செ.மீ. உயரத்தில் திரவம் சற்றும் தயங்கவில்லை. நேராக வில்லைக்கு வந்து, அதன்மேல் முழு நீளத்துக்கும் பரவி, இடது ஓரத்தில் வழிந்தது. வில்லைக்குள் ஒரு துளியும் நுழையவில்லை. களப்பணி அவர்களின் சுவர் ஐயத்துக்காக, முடிவில் மணலை உறையவைத்துக் குறுக்கே மூன்று துண்டுகளாக அறுத்துப் பார்த்தோம்: கண்ணாடியை ஒட்டிய இருபுறமும் நடுப்பகுதியைவிடத் திரவம் ஒன்றரை சென்டிமீட்டர் அகலமாகப் பரவியிருந்தது. அவர் சொன்னது சரி. பாதை ஒன்றுதான், ஆனால் அகலத்தைப் படத்திலிருந்து அளந்தது தவறு. முதல் ஓட்டத்தின் 11 செ.மீ. என்ற அளவையும் இனி அந்த ஐயத்தோடுதான் குறிப்பிடுவோம்.

இரண்டு ஓட்டங்களையும் அறிக்கையில் சேர்த்திருக்கிறோம். முதல் ஓட்டத்தின் சாம்பல் நிறக் கோட்டை ஒரு கண்ணாடிப் புட்டியில் தனியே எடுத்து வைத்திருந்தோம். அதை நேற்று ஒரு சிறு குழாயில் அடைத்து மூன்று நாள் நீர் விட முனைந்திருக்கிறோம். முதல் நாள் முடிந்தபோது வெளிவந்த நீர் தெளிவாக இருக்கிறது. குழாயின் நடுவே, சிக்கிக்கொண்ட திரவத்தின் சிவப்புப் புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.